தெருவுக்கு வராத பண்டிகை: என் முதல் தேங்க்ஸ்கிவிங்

மாசசூசெட்ஸ் மாநிலத்தின் மேற்குப் பக்கம் ஒரு சின்ன ஊரில் முதுகலை படிக்கப் போன முதல் வருடம் அது. ஆகஸ்டில் போய் இறங்கியதிலிருந்தே தேங்க்ஸ்கிவிங், தேங்க்ஸ்கிவிங் என்று காதில் விழுந்துகொண்டே இருந்தது. "அது அவங்க ஊர்ப் பொங்கல்" என்று ஒரு சீனியர் அக்கா சொல்லிவைத்தார். அறுவடை, நன்றி, குடும்பம், சாப்பாடு என்று பார்த்தால் சரியாகத்தான் சொன்னார். ஆனால் பொங்கல் என்றதும் என் மனதில் வந்தது பாளையங்கோட்டை. முதல் நாள் ராத்திரி பதினோரு மணிக்கும் மஞ்சள் கொத்துக்கும் கரும்புக்கும் விலை பேசும் கூட்டம், விடிந்தால் வாசல் வாசலாகப் பானை, எதிர் வீட்டிலிருந்து வரும் தூக்குச்சட்டி. தேங்க்ஸ்கிவிங் அப்படியே தலைகீழ். அன்றைக்கு ஊர் மொத்தமும் வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்கிறது. உள்ளே இருப்பவர்களுக்கு வருடத்திலேயே நல்ல நாள். கூப்பிட ஆள் இல்லாமல் வெளியே நிற்பவருக்கு அது ஊரடங்குதான். இதை எனக்கு யாரும் சொல்லவில்லை. இந்த வருடம் புதிதாகப் போயிருக்கும் பிள்ளைகளுக்காகவாவது எழுதி வைக்கிறேன்.

நாள் கணக்கை முதலில் சொல்லிவிடுகிறேன். அமெரிக்காவில் நவம்பர் மாதத்தின் நான்காவது வியாழக்கிழமைதான் தேங்க்ஸ்கிவிங். கனடாவில் அக்டோபர் இரண்டாவது திங்கள். அங்கே இருக்கும் சித்தி மகன் சொல்வதை வைத்து இங்கே திட்டம் போடாதீர்கள். மத்திய அரசு விடுமுறை வியாழன் ஒரு நாள்தான், ஆனால் வெள்ளியும் பல அலுவலகங்கள் திறக்காது, புதன் மதியத்தோடு பாதிப் பேர் கிளம்பிவிடுவார்கள். அதனால் நடைமுறையில் புதன் மதியம் தொடங்கித் திங்கள் காலை வரை எங்கே போன் அடித்தாலும் பதிவு செய்த குரல்தான் பேசும். எங்கள் பல்கலைக்கழகத்தில் நூலகம், கேன்டீன், நகரப் பேருந்து எல்லாம் அப்படித்தான். என்னோடு வீடு பகிர்ந்திருந்த இரண்டு பெண்களும் நியூஜெர்சியில் உறவினர் வீட்டுக்குப் போய்விட்டார்கள். எனக்கு டாலஸில் பெரியப்பா மகள் இருக்கிறாள், ஆனால் அந்த வாரம் விமான டிக்கெட் விலையைப் பார்த்துவிட்டு "நான் இங்கேயே இருந்து புராஜெக்ட்டை முடித்துவிடுகிறேன்" என்று சொல்லிவிட்டேன். நான்கு நாள் அமைதியாக உட்கார்ந்து படிக்கலாம் என்று உள்ளுக்குள் சந்தோஷம் வேறு.

எங்கள் வீடு பழைய மர வீடு. மூன்று மாடி, மாடிக்கு ஒரு குடித்தனம், நாங்கள் நடுவில். மேலும் கீழும் மாணவர்கள்தான், எல்லாரும் ஊருக்குப் போயாயிற்று. புதன் ராத்திரி ஒன்பது மணி வாக்கில் கால் விரல்கள் ஜில்லென்று ஆனது. அறையைச் சூடாக்கும் ரேடியேட்டரைத் தொட்டால் பச்சைத் தண்ணீர் போலக் கிடக்கிறது. தெர்மோஸ்டாட்டை எவ்வளவு ஏற்றினாலும் கீழே பாய்லர் ஓடும் சத்தமே இல்லை. வாடகை நிர்வாக அலுவலகத்துக்குப் போன் செய்தேன். திங்கள் காலை ஒன்பது மணிக்குத் திறப்போம், அவசரம் என்றால் இரண்டை அழுத்தவும் என்றது குரல். இரண்டை அழுத்தினால் வேறொரு குரல், செய்தியை விட்டுச் செல்லவும் என்றது. விட்டேன். மறுபடி விட்டேன். அந்த நேரம் பார்த்து அம்மா கூப்பிட்டாள், அங்கே வியாழன் காலை ஏழரை. "ஏட்டி, குரல் ஏன் நடுங்குது?" என்றாள். நெட்வொர்க் சரியில்லை என்று சொல்லிவிட்டு வீடியோவை அணைத்தேன். ஸ்வெட்டர், அதன் மேல் ஜாக்கெட், இரண்டு சாக்ஸ், அடுத்த அறைப் பெண்ணின் கம்பளியையும் எடுத்துக்கொண்டு படுத்தும் தூக்கம் வரவில்லை. குளிரை விட மோசமாக இருந்தது, இந்த மூன்று மாடிக் கட்டடத்தில் நான் ஒருத்திதான் இருக்கிறேன் என்ற நினைப்பு.

இங்கே ஒன்று சொல்லியாக வேண்டும். நடு ராத்திரியில் அடுப்போடு இருக்கும் எரிவாயு ஓவனைப் பற்றவைத்து அதன் கதவைத் திறந்து வைத்தால் அடுக்களையாவது சூடாகுமே என்று தோன்றும். எனக்கும் தோன்றியது. செய்யாதீர்கள். எரிவாயு ஓவனை ஹீட்டராகப் பயன்படுத்தினால் கார்பன் மோனாக்சைடு சேரும், அதற்கு வாசனை கிடையாது. ஜன்னல்களை இறுக மூடி, கதவிடுக்கில் துணி செருகி வைத்திருக்கும் ராத்திரியில் அது ஆளையே கொன்றுவிடும். கரி அடுப்பு, வெளியே வைக்கும் கிரில் எல்லாம் இதே கதைதான். வெளியே உறைநிலைக்குக் கீழே போய்விட்டால் குழாயை மெல்லிய தாரையாகத் திறந்து விடுங்கள், பாத்திரம் கழுவும் தொட்டியின் கீழ் அலமாரிக் கதவுகளையும் திறந்து வையுங்கள். குழாய்க்குள் தண்ணீர் உறைந்து வெடித்தால் வீட்டையே மாற்ற வேண்டி வரும்.

காலையில் கூடத்துத் தெர்மாமீட்டர் 49 காட்டியது. பாரன்ஹீட்தான், நம் கணக்கில் ஒன்பது டிகிரி. போன் வரைபடத்தில் பார்த்தால் பக்கத்து ஊர் எல்லையில் இருக்கும் பெரிய கடை 'திறந்திருக்கிறது' என்று பச்சையில் இருந்தது. ஒரு மின்சார ஹீட்டர் வாங்கிவிட்டால் பிழைத்தேன் என்று டாக்சி ஆப்பைத் திறந்தேன். வழக்கமாகப் பதினான்கு டாலர் ஆகும் தூரத்துக்கு முப்பத்து நான்கு கேட்டது. கொடுத்தேன். போய் இறங்கினால் அந்தப் பிரம்மாண்டமான கார் நிறுத்துமிடத்தில் ஒரு வண்டி இல்லை. கடை வாசலில் ஒட்டியிருந்த காகிதத்தில் மறுநாள் காலை திறப்போம் என்று இருந்தது. திரும்ப டாக்சி தேடினேன். ஆப்பில் ஒரு ஓட்டுநர்கூட இல்லை. அவர்களுக்கும் வீடு, அம்மா, விருந்து எல்லாம் இருக்குமே! நடந்தேன். நடைபாதையே இல்லாத நெடுஞ்சாலை ஓரம், மூக்கு எரிய எரிய. இருபுறமும் வீடுகள், ஒவ்வொரு வீட்டு முன்னாலும் ஐந்தாறு கார், புகைபோக்கியில் புகை. வெளியே ஒரு மனிதர் இல்லை. அப்போதுதான் அழுகை வந்தது. யார் மேல் கோபம் என்றுகூடத் தெரியாத அழுகை.

பிறகு தெரிந்துகொண்டது இது. மாசசூசெட்ஸில் தேங்க்ஸ்கிவிங் அன்று பெரிய மளிகைக் கடைகளும் சில்லறைக் கடைகளும் திறக்கவே கூடாது என்று பழைய சட்டம் இருக்கிறது. ரோட் ஐலண்ட், மெய்ன் மாநிலங்களிலும் ஏறக்குறைய அப்படித்தான். மற்ற மாநிலங்களில் சட்டம் இல்லாவிட்டாலும் வால்மார்ட், டார்கெட் இரண்டும் 2020 முதல் அன்றைக்கு மூடிவிடுகின்றன, காஸ்ட்கோ எப்போதுமே மூடல்தான். திறந்திருப்பவை பெட்ரோல் பங்க் கடைகளும் சில மருந்துக் கடைகளும். அதிலும் மருந்துக் கடைக்குள் மாத்திரை கொடுக்கும் பகுதி மூடியிருக்கலாம், சோப்பும் சாக்லேட்டும்தான் கிடைக்கும். ஆகவே பால், காய், அரிசி மட்டுமல்ல, தைராய்டு மாத்திரை, இன்ஹேலர் மாதிரி தினசரி வேண்டியவற்றையும் திங்கள், செவ்வாய்க்குள் வாங்கி வைத்துவிடுங்கள். புதன்கிழமை போகாதீர்கள், கடைசி நேரத்தில் விருந்துக்குக் கிரான்பெர்ரிப் பழம் தேடி ஊரே அங்கே நிற்கும். வரைபடத்தில் காட்டும் நேரத்தைப் பண்டிகை நாளில் நம்பவே வேண்டாம், முந்தைய நாளே கடைக்குப் போன் செய்து கேளுங்கள்.

பெட்ரோல் பங்க்கில் ரொட்டியும் பாலும் கப் நூடுல்ஸும் இருபது டாலருக்குக் கிட்டத்தட்ட வாங்கிக்கொண்டு, போகும் வழியிலேயே போனில் ஒரு மோட்டலில் அறை போட்டேன். வரியோடு 147 டாலர், பணம் திரும்பாது. மதியம் மூன்று மணிக்குத்தான் அறை தருவார்களாம். வீட்டுப் படியில் உட்கார்ந்து சாவியைத் தேடிக்கொண்டிருந்தபோது பக்கத்து வீட்டு வராந்தாவிலிருந்து ஒரு வயதான அம்மா எட்டிப் பார்த்து, நீ ஊருக்குப் போகவில்லையா என்று கேட்டார். அதுவரை கையசைத்துக்கொண்டதோடு சரி, பேசியதில்லை. ஹீட்டிங் இல்லை என்று சொன்னேன். அவர் அதற்கு ஒன்றும் சொல்லாமல், "இரண்டு மணிக்கு வா. நீ என்ன சாப்பிட மாட்டாய்?" என்று கேட்டார். வேண்டாம், பரவாயில்லை என்று நம் ஊர் மரியாதைப்படி மறுத்தேன். "சரி" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்! நம் ஊர் என்றால் மூன்று தடவை வற்புறுத்துவார்கள், நாமும் மூன்றாவது தடவை எழுந்து போவோம். அங்கே வேண்டாம் என்றால் வேண்டாம்தான். ஓடிப் போய்க் கதவைத் தட்டி, வருகிறேன், இறைச்சி சாப்பிட மாட்டேன், முட்டை பரவாயில்லை என்று மூச்சு வாங்கச் சொன்னேன். அவர் சிரித்தார். அழைப்பு வந்தால் ஒரே தடவையில் ஒப்புக்கொள்ளுங்கள். அப்படி ஒருவர் எட்டிப் பார்ப்பார் என்று காத்திருக்கவும் வேண்டாம். பல பல்கலைக்கழகங்களில் வெளிநாட்டு மாணவர் அலுவலகமே உள்ளூர்க் குடும்பங்களோடு விருந்துக்கு இணைத்துவிடுகிறது. அக்டோபரில் மின்னஞ்சல் வரும். தேவாலயங்கள் நடத்தும் பொது விருந்துகளும் உண்டு. நண்பர்கள் மட்டும் கூடி, ஆளுக்கு ஒரு பதார்த்தம் கொண்டுவரும் ஃப்ரெண்ட்ஸ்கிவிங் என்பதும் இப்போது பரவலாக இருக்கிறது.

கையை வீசிக்கொண்டு போகக்கூடாது என்று தெரியும், ஆனால் பூக்கடை ஏது? அடுப்பு எரிந்தது, எலுமிச்சை இரண்டு இருந்தது. எலுமிச்சை சாதம் கிளறிக் கண்ணாடிப் பாத்திரத்தில் எடுத்துப் போனேன். இதை எல்லாருக்கும் சொல்வேன்: மரக்கறி சாப்பிடுகிறவர் என்றால் ஒரு வயிறு நிறைகிற பதார்த்தத்தை நீங்களே கொண்டு போங்கள். வீட்டுக்காரருக்கும் நிம்மதி. மேசையில் இருப்பதில் எது இறைச்சி என்று பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. ஸ்டஃபிங் என்ற ரொட்டிக் கலவை வான்கோழி வயிற்றுக்குள் வெந்திருக்கும், தனியாகச் செய்தாலும் பெரும்பாலும் கோழிச்சாறு ஊற்றியிருப்பார்கள். கிரேவி வான்கோழியிலிருந்து வடிந்த கொழுப்பில் செய்வது. சர்க்கரைவள்ளிக் கிழங்கின் மேல் பரப்பும் மார்ஷ்மெல்லோவில் ஜெலட்டின் உண்டு. பழைய முறைப்படி செய்யும் 'பை' (pie) என்ற இனிப்புப் பண்டத்தின் மாவில் சில வீடுகளில் பன்றிக் கொழுப்பு சேரும். நம்பிக் கை வைக்கக் கூடியவை கிரான்பெர்ரி சாஸ், மசித்த உருளைக்கிழங்கு, ரொட்டி உருண்டை. பீன்ஸ் கேசரோல் என்று ஒன்று இருக்கும், காளான் சூப் டப்பாவை ஊற்றிச் செய்வது, 1955இல் சூப் கம்பெனி அடுக்களையில் பிறந்த பதார்த்தம் அது. அதுவும் பெரும்பாலும் சரி. கேட்டால் யாரும் தப்பாக எடுத்துக்கொள்வதில்லை. இன்னொன்று, அழைத்த நேரத்துக்கு முன்னால் போகாதீர்கள், அடுக்களை போர்க்களமாக இருக்கும். சாப்பாடு மதியமும் இல்லாமல் இரவும் இல்லாமல் மூன்று, நான்கு மணிக்கு நடக்கும். காலையில் கொஞ்சமாவது சாப்பிட்டுவிட்டுப் போவது நல்லது.

அந்த அம்மா ஓய்வு பெற்ற ஆரம்பப்பள்ளி ஆசிரியை. மகள், மருமகன், கணவரின் தம்பி, எதிர் வீட்டில் தனியாக இருக்கும் ஒரு தாத்தா, நான். தொலைக்காட்சியில் டெட்ராய்ட் லயன்ஸ் அணியின் அமெரிக்கன் ஃபுட்பால் ஆட்டத்தின் மிச்சம் ஓடிக்கொண்டிருந்தது. அந்த அணி 1934 முதல் தேங்க்ஸ்கிவிங் நாளில் ஆடுகிறது, டாலஸ் கவ்பாய்ஸ் 1966 முதல். விதிகள் புரியாவிட்டாலும் இந்த இரண்டு பெயர் தெரிந்தால் பேச்சில் கலந்துகொள்ளலாம். பதினெட்டுப் பவுண்டு வான்கோழி. உறைந்த பறவையைக் குளிர்பெட்டிக்குள் வைத்து இளக்கவே ஐந்து பவுண்டுக்கு ஒரு நாள் கணக்காம், ஞாயிற்றுக்கிழமையே எடுத்து வைத்துவிட்டாராம். தொடையிலும் மார்பிலும் சதை தடித்த இடத்தில் கம்பித் தெர்மாமீட்டர் குத்தி 165 பாரன்ஹீட் வந்தால்தான் வெந்தது என்று பொருள். சாப்பிடாத எனக்கே அந்த விளக்கத்தைக் கேட்கப் பிடித்திருந்தது, சமையல் வேலையை ஒருவர் விரும்பிச் செய்வதைப் பார்ப்பது எந்த ஊரிலும் ஒன்றுதான். கணவரின் தம்பி என் எலுமிச்சை சாதத்தை நிறையப் போட்டுக்கொண்டு அதன் மேல் வான்கோழிக் கிரேவியை ஊற்றினார். நான் ஒன்றும் சொல்லவில்லை.

சாப்பிடும் முன் ஒவ்வொருவராக எதற்கு நன்றி என்று சொல்ல வேண்டும். எல்லா வீட்டிலும் இருக்காது, ஆனால் இருக்கலாம் என்று எதிர்பார்த்துப் போங்கள். மகள் தன் அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்ததைச் சொன்னாள். தாத்தா இறந்துபோன மனைவியின் பெயரை மட்டும் சொல்லிவிட்டு அமர்ந்தார். என் முறை வந்ததும் பேச்சு வரவில்லை. இந்த வீடு சூடாக இருக்கிறது, அதற்கு நன்றி என்றேன். எல்லாரும் சிரித்தார்கள், மருமகன் மட்டும் சிரிக்காமல், ஏன், உங்கள் வீட்டில் என்ன பிரச்சினை என்று கேட்டார். அதைப் பிறகு சொல்கிறேன்.

மேசையில் ஒரு நாற்காலி காலி. அந்த அம்மாவின் பேத்தி, கல்லூரியில் படிப்பவள், காலையிலேயே பிளிமத் போயிருந்தாள். பிளிமத் என்றால் இந்தப் பண்டிகையின் மூல ஊர். 1620இல் இங்கிலாந்திலிருந்து மேஃப்ளவர் கப்பலில் 102 பயணிகள் குடியேற வந்தார்கள், முதல் குளிர்காலத்திலேயே பாதிப் பேர் இறந்துபோனார்கள். மறு வருடம் அறுவடை நன்றாக இருந்ததால் மூன்று நாள் விருந்து நடந்தது. அந்தப் பகுதிப் பூர்வகுடிகளான வாம்பனோக் மக்களின் தலைவர் மாசசாய்ட் தொண்ணூறு ஆட்களோடு வந்து ஐந்து மான்களைக் கொடுத்தார் என்று, கப்பலில் வந்தவர்களில் ஒருவரான எட்வர்ட் வின்ஸ்லோ எழுதிய கடிதத்தில் இருக்கிறது. அன்றைக்குப் பூசணிப் பையும் இல்லை, உருளைக்கிழங்கும் இல்லை. பள்ளிக்கூடத்தில் காகிதத் தொப்பியும் இறகும் ஒட்டிச் சொல்லிக்கொடுப்பது இதுவரைதான். தானும் வருடக்கணக்கில் அப்படித்தான் சொல்லிக்கொடுத்தேன், பிறகு விட்டுவிட்டேன் என்றார் அந்த அம்மா. ஏன் விட்டார் என்பதைப் பேத்தி மாலையில் வந்தபிறகுதான் புரிந்துகொண்டேன்.

பேத்தி போனது விருந்துக்கு அல்ல, துக்க நாளுக்கு. 1970இல் மேஃப்ளவர் வந்த 350ஆம் ஆண்டு விழாவில் பேச வாம்சுட்டா ஃப்ராங்க் ஜேம்ஸ் என்ற வாம்பனோக்காரரை அழைத்தார்கள். அவர் எழுதிய உரையைப் பார்த்துவிட்டு, இதைப் பேசக்கூடாது என்றார்கள். அவர் விழாவுக்குப் போகாமல், பிளிமத்தில் கோல்ஸ் ஹில் மேட்டில் மாசசாய்ட் சிலையருகே ஆட்களைக் கூட்டினார். அன்றிலிருந்து ஒவ்வொரு தேங்க்ஸ்கிவிங் அன்றும் நண்பகலில் அங்கே தேசியத் துக்க நாள் நடக்கிறது. ஆங்கிலேயர் குடியேறிய இடமே பட்டுக்செட் என்ற வாம்பனோக் கிராமம். அதற்குச் சில வருடம் முன்பு ஐரோப்பியக் கப்பல்களோடு வந்த கொள்ளை நோயில் அந்தக் கிராமமே அழிந்துபோயிருந்தது. வந்தவர்களுக்குச் சோளம் நடக் கற்றுக்கொடுத்த டிஸ்குவாண்டம் அந்தக் கிராமத்துக்காரர். 1614இல் அடிமையாக விற்பதற்காகக் கடத்தப்பட்டு, தப்பி ஊர் திரும்பியபோது அவருடைய ஆட்கள் யாரும் உயிரோடு இல்லை. விருந்துக்கு வந்த மாசசாய்ட்டின் மகன் மெட்டாகாமெட் 1675இல் ஆங்கிலேயரோடு போரிட்டார். அடுத்த வருடம் அவரைக் கொன்று தலையைப் பிளிமத்தில் கம்பத்தில் வைத்தார்கள். பேத்தி இதையெல்லாம் ஜாக்கெட்டைக்கூடக் கழற்றாமல் சொன்னாள். அவள் அம்மாவுக்கு முகம் மாறியது, இன்றைக்கா இது என்று கேட்டாள். பாட்டி தலையிடவில்லை, மூடி வைத்திருந்த தட்டைச் சூடாக்கி அவள் முன் வைத்தார், அவளும் சாப்பிட்டாள். எனக்கு அந்தக் குடும்பத்தின் மேல் மதிப்பு வந்தது அந்த இடத்தில்தான். புதிதாக வருகிறவர்கள் 'ஹேப்பி தேங்க்ஸ்கிவிங்' என்று எல்லாரிடமும் சொல்லலாம், ஆனால் பூர்வகுடி நண்பர் ஒருவர் திரும்ப வாழ்த்துச் சொல்லவில்லை என்றால் காரணம் இதுவாக இருக்கலாம்.

அரசியல் பேச்சை யாராவது தொடங்கினால் நீங்கள் பாத்திரம் கழுவப் போய்விடுங்கள். நான் அதைத்தான் செய்தேன், துணைக்கு அந்த அம்மாவும் வந்தார். 1621 விருந்துக்கும் இன்றைய விடுமுறைக்கும் நடுவே இரண்டு நூற்றாண்டுக்கு மேல் இடைவெளி என்று அவர்தான் சொன்னார். சாரா ஜோசஃபா ஹேல் என்ற பத்திரிகை ஆசிரியை, நாடு முழுக்க ஒரே நாளில் நன்றி நாள் வேண்டும் என்று பல வருடம் தலைவர்களுக்குக் கடிதம் எழுதினார். உள்நாட்டுப் போர் நடந்துகொண்டிருந்த 1863இல் லிங்கன் நவம்பர் கடைசி வியாழன் என்று அறிவித்தார். 1939இல் அதிபர் ரூஸ்வெல்ட், கிறிஸ்துமஸ் வியாபாரத்துக்குக் கூடுதலாக ஒரு வாரம் கிடைக்கட்டும் என்று அதை ஒரு வாரம் முன்னே இழுத்தார். பாதி மாநிலங்கள் ஒத்துக்கொள்ளவில்லை, அந்த வருடம் நாட்டில் இரண்டு தேங்க்ஸ்கிவிங். கடைசியில் 1941இல் நான்காவது வியாழன் என்று சட்டமே போட்டார்கள். வியாபாரம் உள்ளே வந்தது பிளாக் ஃப்ரைடே என்ற மறுநாள் தள்ளுபடி விற்பனையோடு இல்லை, எப்போதோ வந்துவிட்டது என்று தட்டைத் துடைத்துக்கொண்டே சொன்னார்.

இப்போது ஹீட்டிங் விஷயம். மருமகன் முன்பு எண்ணெய் விநியோகக் கம்பெனியில் வேலை பார்த்தவர். மாசசூசெட்ஸ் அடங்கிய வடகிழக்குப் பகுதியான நியூ இங்கிலாந்தின் பழைய வீடுகளில் நிறைய இன்னும் ஹீட்டிங் ஆயிலில்தான் ஓடுகின்றன. அடித்தளத்தில் 275 காலன் தொட்டி ஒன்று இருக்கும். அவர் எங்கள் வீட்டு அடித்தளத்துக்கு வந்து, துணி துவைக்கும் இடத்துக்குப் பின்னால் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு ஒரே வார்த்தையில் சொன்னார்: காலி. தொட்டி மேல் கண்ணாடிக் குழாயில் ஒரு சிவப்பு மிதவை இருக்கிறது, அது அடியில் ஒட்டிக் கிடந்தது. நிரப்ப வேண்டியவர் வீட்டுக்காரர், நிரப்பவில்லை, அவ்வளவுதான். பங்க்கில் டீசல் பத்து காலன் வாங்கி வந்து வெளிச்சுவர்க் குழாய் வழியாக ஊற்றினார், நாற்பத்தைந்து டாலர் ஆனது. இந்தப் பர்னர்களில் அவசரத்துக்கு டீசல் எரியும். அடியில் கிளறிய கசடு படியட்டும் என்று கொஞ்ச நேரம் விட்டு, ஸ்க்ரூவைத் திறந்து காற்றை வெளியேற்றி, சிவப்பு ரீசெட் பொத்தானை அழுத்தினார். பாய்லர் உறுமியது. நான் கை தட்டினேன். இதைப் பார்த்துவிட்டு நீங்களே செய்யாதீர்கள், தெரிந்தவர் வேண்டும். பெட்ரோல் ஒரு சொட்டும் போகக்கூடாது. ரீசெட்டைத் திரும்பத் திரும்ப அழுத்தினால் எரியாத எண்ணெய் உள்ளே தேங்கி ஆபத்து. நீங்கள் செய்யக்கூடியது, நவம்பர் தொடக்கத்திலேயே அந்த மிதவையைப் பார்த்து வைப்பதும், வாடகை ஒப்பந்தத்தில் எரிபொருள் யார் பொறுப்பு என்று படிப்பதும், வீட்டுக்காரரின் அவசர எண்ணை ஒரு சாதாரண நாள் ராத்திரியில் அடித்து மனிதக் குரல் வருகிறதா என்று பார்ப்பதும்தான். வராவிட்டால் உங்கள் ஊர்க் காவல் நிலையத்தின் அவசரமற்ற எண்ணைப் போனில் சேமித்து வையுங்கள். பல ஊர்களில் விடுமுறை நாளில் நகராட்சி ஆய்வாளரைப் பிடிக்க அதுதான் வழி.

டாக்சி, மோட்டல், டீசல், பங்க் சாப்பாடு எல்லாம் சேர்த்து இருநூற்று ஐம்பது டாலருக்குக் கொஞ்சம் குறைவாகப் போனது. கேம்பஸ் வேலையில் ஒரு வாரச் சம்பளம் கிட்டத்தட்ட. மோட்டல்காரர் ஒரு சென்ட் தரவில்லை. வீட்டுக்காரர் தரப்பு முதலில் நீங்கள் யாரைக் கேட்டு டீசல் ஊற்றினீர்கள் என்று எகிறியது. மாசசூசெட்ஸ் சுகாதாரச் சட்டப்படி குளிர்காலத்தில் பகலில் 68, இரவில் 64 பாரன்ஹீட்டாவது வீட்டில் இருக்க வேண்டும். அந்த வரியையும், நேரத்தோடு எடுத்த தெர்மாமீட்டர் படங்களையும், நான் போன் செய்த பதிவையும் சேர்த்து மின்னஞ்சல் அனுப்பினேன். டீசல் பணமும் இரண்டு நாள் வாடகையும் கழித்தார்கள். போனில் எவ்வளவு கத்தியிருந்தாலும் அது நடந்திருக்காது, எழுத்தில் போனால்தான் வேலைக்கு ஆகும். டாக்சிக் காசுக்கு நான் மல்லுக்கட்டவில்லை.

வெள்ளிக்கிழமை ஊர் திரும்ப உயிர் பெற்றது, அதே பெரிய கடையில் கால் வைக்க இடமில்லை. ஹீட்டர் ஒன்று தள்ளுபடியில் கிடைத்தது, வாங்கிப் போட்டேன். உள்ளே எண்ணெய் நிரப்பி, ரேடியேட்டர் போல இருக்கும் வகை அது, நேராகச் சுவர் பிளக்கில் செருகுங்கள், எக்ஸ்டென்ஷன் வயரில் வேண்டாம். நியூஜெர்சி போன பெண்கள் ஞாயிறு மதியம் கிளம்பி நள்ளிரவுக்குப் பிறகு வந்து சேர்ந்தார்கள், நான்கு மணி நேரப் பாதை அது. புதனும் ஞாயிறும் சாலையிலும் விமான நிலையத்திலும் இடி நெரிசல். வியாழன் காலையில் போனால் டிக்கெட்டும் குறையும், சாலையும் காலியாக இருக்கும். திங்கள் காலை வகுப்பு இருக்கிறது என்றால் சனிக்கிழமையே திரும்பிவிடுங்கள்.